திடீர் திடீரென்று ஸ்லோ ஆகும் கம்ப்யூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வீஸ் மேசைக்கு வருகிற கம்ப்யூட்டர்களில் "எப்பவுமே ஸ்லோ" என்று வருவது எனக்குச் சுலபம். "அப்பப்ப ஸ்லோ ஆகுது, நாம பார்க்கும்போது நல்லா ஓடுது" என்று வருவதுதான் தலைவலி. பல் வலியோடு டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும் வலி நின்றுவிடுமே, அந்தக் கதை. அப்படி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் விண்டோஸ் 10, 11 இருக்கும் மெஷின்களுக்கானவை.

எப்பவும் இல்லண்ணே, எப்பவாவதுதான் ஸ்லோ ஆகுது. எங்கேருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு, ஸ்லோ ஆகும்போதெல்லாம் மணி என்ன, என்னென்ன திறந்திருந்தது, சார்ஜர் செருகியிருந்ததா, ஃபேன் சத்தம் கூடியதா, எத்தனை நிமிஷத்தில் தானாகச் சரியானது என்று குறித்துவையுங்கள். சிரிக்காதீர்கள். இந்தச் சீட்டைப் பார்த்தே பாதி கேஸ்களில் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஆன் செய்த முதல் பத்து நிமிஷம் மட்டும் படுத்துகிறது என்றால், தானாகத் தொடங்கும் புரோகிராம்களும் பழைய ஹார்டு டிஸ்க்கும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. அரைமணி நேரம் ஓடியபிறகு என்றால் சூடு. நாலைந்து நாள் கழித்து மெல்ல மெல்ல என்றால் மெமரி, அதாவது ரேம். குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க்கில் அந்த இடம் கெட்டிருக்கலாம். தினமும் ஒரே நேரத்தில் என்றால் யாரோ அந்த நேரத்துக்கு வேலை வைத்திருக்கிறார்கள். ஒரு கடையின் பில்லிங் மெஷின் சரியாக மதியம் ஒரு மணிக்குப் படுத்துவிடும். போய்ப் பார்த்தால், முன்பு வேலை பார்த்த பையன் "சாப்பாட்டு நேரம்தானே" என்று ஒரு மணிக்கு பேக்கப் ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருந்தான். இப்போது கடையில் சாப்பாட்டு நேரம் இரண்டு மணி.

ஸ்லோ ஆன அந்த நிமிஷத்துல என்ன செய்யணும்?

ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். தடயத்தை நாமே அழிக்கிற வேலை அது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், எந்தப் புரோகிராம் எவ்வளவு தின்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெஷின் திணறும்போது அது திறக்கவே இரண்டு நிமிஷம் எடுக்கும் என்பதால், காலையிலேயே திறந்து கீழே இறக்கி வைத்துவிடுங்கள். ஸ்லோ ஆனதும் அதை மேலே கொண்டுவந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைச் செல்போனில் போட்டோ எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதைச் சேமிப்பதுகூட அந்த நேரத்தில் பாரம்தான்.

பார்க்க வேண்டியவை: சிபியு (கம்ப்யூட்டரின் மூளை) எத்தனை சதவீதம், அதற்குக் கீழே வேகம் எத்தனை கிகாஹெர்ட்ஸ், மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எத்தனை சதவீதம், டிஸ்க்கின் சராசரி ரெஸ்பான்ஸ் டைம் (கேட்டதற்குப் பதில் தர எடுக்கும் நேரம்) எத்தனை மில்லி செகண்ட். கிகாஹெர்ட்ஸும் ரெஸ்பான்ஸ் டைமும்தான் ரொம்ப முக்கியம், அவற்றைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சிபியு 100 சதவீதம் என்று இருந்தால் புராசஸ் பட்டியலில் சிபியு தலைப்பைச் சொடுக்குங்கள், தின்கிற புரோகிராம் மேலே வந்து நிற்கும். சதவீதம் 100, வேகம் மட்டும் 0.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் எந்தப் புரோகிராமையும் குறை சொல்லிப் பயனில்லை. சிபியுவின் கையை யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள். அது யார் என்று கீழே வருகிறது.

டிஸ்க் 100% காட்டுது. ஆனா நான் எதுவுமே காப்பி பண்ணலையே?

அந்த 100 என்பது டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்ற கணக்கு. எவ்வளவு டேட்டா எடுத்தது என்ற கணக்கு கிடையாது. பக்கத்தில் பாருங்கள், படிக்கும் வேகம் ஒரு நொடிக்கு 1 எம்பிகூட இருக்காது.

லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம், டேட்டாவைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் முள் அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். ஆக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதைப் படிக்கச் சொன்னால் நொடிக்கு அறுபது, எழுபது தடவைக்கு மேல் அதனால் முடியாது. ஆன்டிவைரஸ் ஒரு பக்கம், விண்டோஸ் அப்டேட் ஒரு பக்கம், ஃபைல் தேடலுக்குப் பட்டியல் போடும் சர்ச் இண்டெக்சர் ஒரு பக்கம் என்று மூன்று பேர் மூன்று மூலைக்கு இழுத்தால் முள் அலைந்துகொண்டே இருக்கும். தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி, சாதாரணமானதுகூட, அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். அதில் சுற்றவோ நகரவோ எதுவும் கிடையாது.

ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 10 அல்லது 11 ஓட்டிக்கொண்டு வேகம் எதிர்பார்க்காதீர்கள். ரேம் கூட்டுவது, செட்டிங் மாற்றுவது எல்லாம் பிறகு. முதல் செலவு எஸ்எஸ்டிதான். பழைய ஹார்டு டிஸ்க்கை வெளியே செருகும் உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சில ஃபைலைத் திறந்தா மட்டும் எல்லாமே உறைஞ்சு போகுது. பத்து, இருபது செகண்ட் கழிச்சு எதுவும் நடக்காத மாதிரி ஓடுது. ஏன்?

இந்தக் கேள்வி வந்தால் நான் பேச்சை நிறுத்திவிட்டு "போட்டோவெல்லாம் வேற எங்காவது காப்பி இருக்கா?" என்றுதான் கேட்பேன்.

டெஸ்க்டாப் ஒன்று இப்படித்தான் வந்தது. கேபினெட் கதவைக் கழற்றி, ஃபேன் சத்தத்தைத் தாண்டிக் காதை வைத்துக் கேட்டேன். ஒரு கல்யாண ஆல்பம் ஃபோல்டரைத் திறந்ததும் டிஸ்க்கிலிருந்து "டிக்... டிக்... டிக்..." என்று சுவர்ப்பல்லி மாதிரி ஒரே சீராகச் சத்தம். ஸ்கிரீனில் மவுஸ் அசைகிறது, வேறு எதுவும் அசையவில்லை. ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லி செகண்டில். நல்ல ஹார்டு டிஸ்க் மும்முரமான வேலையில்கூடச் சில பத்துகளில்தான் நிற்கும், எப்போதாவது நூறைத் தொடும்.

நடப்பது இதுதான். படிக்க முடியாத இடம் வந்ததும் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்கிறது. விண்டோஸும் பொறுமையாகக் காத்திருக்கிறது, வழக்கமான கெடு 60 செகண்ட். அதுவரை அந்த டிஸ்க்கைக் கேட்கிற எல்லாப் புரோகிராமும் வரிசையில் நிற்கும். அந்த ஃபைலைத் தொடாத நாளில் மெஷின் ஜம்மென்று ஓடும். அதனால்தான் இது "எப்பவாவது" வருகிற வியாதியாகத் தெரிகிறது.

உறுதிசெய்ய இரண்டு வழி. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய் ஸ்லோ ஆன நேரத்தைப் பாருங்கள். 7 என்ற எண்ணில் டிஸ்க் பிழை இருந்தால் கெட்ட இடம், 153 இருந்தால் படிப்பதை மறுபடி முயன்றது, 129 இருந்தால் டிஸ்க் பதில் சொல்லாமல் ரீசெட் ஆனது. இரண்டாவது, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராம். அதில் 05, சி5, சி6 என்ற வரிகளில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால், அதுவும் நாளுக்கு நாள் கூடினால், டிஸ்க் விடைபெறுகிறது என்று அர்த்தம். சி7 மட்டும் கூடுகிறது என்றால் டிஸ்க்கைத் தூக்கிப்போட வேண்டாம். பெரும்பாலும் கேபிள்தான். சின்னச் செலவில் தீரும்.

முதலில் காப்பி எடுங்கள். எடுத்து முடிக்கும்வரை டிஸ்க் செக், டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது) எதையும் ஓட்டாதீர்கள். கால் உடைந்தவரை ஓடவிட்டுப் பார்ப்பது போல அது.

எஸ்எஸ்டி போட்டாச்சு. அப்பவும் நடுவுல நிக்குதே?

விலை குறைந்த எஸ்எஸ்டிகளில், எழுதும்போது முதல் கொஞ்சம் ஜிபி மட்டும் வேகமான தற்காலிக இடத்தில் போய் விழும். அது நிரம்பியதும் வேகம் சடாரென்று சரியும், சிலது ஹார்டு டிஸ்க் வேகத்துக்கும் கீழே போகும். பெரிய வீடியோ காப்பி செய்யும்போது பாதியில் படுக்கிறது என்றால் இதுதான் காரணம். எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினாலும் இதே கதி, கால்வாசியாவது காலியாக விடுங்கள்.

எஸ்எஸ்டிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் புரோகிராமான ஃபர்ம்வேரும் காரணமாக இருக்கலாம். இதற்கு ஊரறிந்த உதாரணம் குரூசியல் எம்4. மொத்தம் 5184 மணி நேரம் ஓடியதும் அந்த எஸ்எஸ்டி பதில் சொல்லாமல் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் ஓடும், ஒரு மணி நேரத்தில் மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் புது ஃபர்ம்வேர் வந்து அதைத் தீர்த்தது. நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு 5184 மணி என்பது ஏறத்தாழ ஒன்றேமுக்கால் வருஷம். அதுவரை ஒரு குறையும் சொல்லாமல் ஓடியதை யார் சந்தேகப்படுவார்கள்? சாம்சங் 840 ஈவோவில் வேறு மாதிரி: புது ஃபைல் வேகமாகப் படிக்கும், எழுதிப் பல வாரம் ஆன பழைய ஃபைல் நத்தை. 2014ல் அதற்கும் ஃபர்ம்வேர் கொடுத்தார்கள். உங்கள் எஸ்எஸ்டி கம்பெனியின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அரைமணி நேரம் ஓடினதும் ஃபேன் அலறுது, அப்புறம் ஸ்லோ.

சிபியு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது. லேப்டாப் சிபியுக்களில் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லைக்கோடு. அதைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கும், சூடு இறங்கியதும் ஏற்றும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் வெப்பநிலையும், சூட்டினால் வேகம் குறைந்ததா என்பதும் தெரியும்.

வெளியே ஊதிப் பார்த்துவிட்டு "தூசியே இல்லண்ணே" என்பார்கள். அடி மூடியைக் கழற்றி ஃபேனை எடுத்துப் பாருங்கள். ஃபேனுக்கும் செம்பு, அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் இருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் முழுசாகக் கையோடு வரும். காற்று போகிற வழியையே அது அடைத்திருக்கிறது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். நாலைந்து வருஷ மெஷின் என்றால் சிபியு சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து பொரிந்திருக்கும், அதையும் மாற்றுங்கள்.

மெத்தையில் வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு: அடியில் இருக்கிற துவாரத்தை மெத்தை அடைக்கிறது. ஒரு பரீட்சை அட்டை போதும். அக்னி நட்சத்திரத்தில் எனக்கு இந்தக் கேஸ் குவியும். ஃபேன் அறையின் காற்றைத்தான் ஊதுகிறது. அறையே 38 டிகிரி என்றால் மார்கழியில் தாங்கிய மெஷின் சித்திரையில் தாங்காது.

உங்க கடையில நல்லா ஓடுது, எங்க வீட்டுக்குப் போனா ஸ்லோ. வாஸ்து சரியில்லையா சார்?

இப்படிக் கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்த லேப்டாப் மூன்று தடவை என்னிடம் வந்தது, மூன்று தடவையும் நல்லபடியாக ஓடியது. நான்காம் தடவை "சார்ஜரையும் எடுத்துட்டு வாங்க" என்றேன். அதுவரை என் மேசையில் இருந்த ஒரிஜினல் சார்ஜரில்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்ததைச் செருகினேன். டாஸ்க் மேனேஜரில் வேகம் 2.4லிருந்து 0.39 கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன், ஏறியது. செருகினேன், விழுந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சில லேப்டாப்களில் சார்ஜர் பின்னின் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதன் வேலை. டூப்ளிகேட் சார்ஜர், அந்த ஊசி வளைந்த சார்ஜர், வாட் குறைந்த சார்ஜர் எதுவாக இருந்தாலும் லேப்டாப் அதை நம்பாது. பேட்டரியை ஏற்றாது, சிபியு வேகத்தையும் அடியில் கட்டிவைக்கும். ஆன் செய்யும்போது சார்ஜரை அடையாளம் தெரியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும், நாம் எண்டர் தட்டிக் கடந்துபோய்விடுகிறோம். ஒயரை அசைக்கும்போது மட்டும் ஸ்லோ ஆகிச் சரியாகிற மெஷின்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மெஷினிலேயே சோதிக்கலாம்: ஸ்லோ ஆன நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு கிகாஹெர்ட்ஸைப் பாருங்கள்.

தினமும் ஷட்டவுன் பண்றேன். ஆனா டாஸ்க் மேனேஜர்ல 15 நாளா ஓடுதுன்னு காட்டுதே?

சரியாகத்தான் காட்டுகிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் அடிப்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். வேகமாக ஆன் ஆகிறதே அது இப்படித்தான். ஏதாவது ஒரு டிரைவர் (வைஃபை மாதிரி ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் புரோகிராம்) மெமரியைக் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் அந்தக் கணக்கும் மறுநாளுக்குத் தொடரும். வாரத்துக்கு ஒரு தடவை ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள், அது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகி, சில நாளில் மறுபடி மெமரி 90 சதவீதத்தைத் தொடுகிறது என்றால் ஒரு புரோகிராம் ஒழுகுகிறது. மெமரி தலைப்பைச் சொடுக்கிக் காலையில் ஒரு போட்டோ, மாலையில் ஒரு போட்டோ எடுங்கள். வளர்ந்துகொண்டே போகிறவன் மாட்டுவான். குரோமில் எந்த டேப் என்று பார்க்க, குரோம் திறந்திருக்கும்போது ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள், அதற்கென்று தனி டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. 4 ஜிபி ரேம் என்றால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம், ரேமைக் கூட்டுங்கள்.

யாரும் தொடாம சும்மா இருக்கும்போது டிஸ்க் லைட்டு மினுங்குது, ஃபேன் ஓடுது. வைரஸா?

பெரும்பாலும் விண்டோஸின் வீட்டுவேலை. ஆளில்லாத நேரம் பார்த்து அப்டேட், ஸ்கேன், டிஸ்க் ஒழுங்குபடுத்துவது எல்லாவற்றையும் செய்யும். இதற்கு வழக்கமாகக் குறித்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. நம் வீடுகளில் அந்த நேரத்தில் எந்தக் கம்ப்யூட்டர் ஆனில் இருக்கிறது? அதனால் பகலில் நீங்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பட்டியலில் ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிக்யூட்டபிள் என்று இருப்பது விண்டோஸின் சொந்தக் காவல்காரன், கொல்லாதீர்கள். கூடவே இன்னொரு கம்பெனி ஆன்டிவைரஸ், அது போதாதென்று இலவசமாக வந்த மூன்றாவது ஒன்று இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடனே சரியாயிடுது. மூடினா மறுபடி ஃபேன் சத்தம்!

கிரிப்டோ காசு தோண்டும் கள்ளப் புரோகிராம்களில் சிலவற்றுக்கு இந்தப் பழக்கம் உண்டு. டாஸ்க் மேனேஜர் திறப்பதைப் பார்த்ததும் பதுங்கும். விண்டோஸையோ ஆஃபீஸையோ கிராக் போட்டு ஆக்டிவேட் செய்த மெஷின்களில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன வீட்டுவேலையும் மவுஸை அசைத்ததும் நின்றுவிடும் என்பதால் உடனே பதற வேண்டாம். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஃபேன் அலறி, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் அடங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே தேடுவதால் பதுங்க இடம் கிடைக்காது, கால் மணி நேர வேலை. பேங்க் பாஸ்வேர்டுகளை வேறு மெஷினிலிருந்து மாற்றிவிடுங்கள்.

சிபியு, மெமரி, டிஸ்க் மூணுமே கம்மி. ஆனா ஒரு செகண்ட் உறையுது, பாட்டு கரகரன்னு கேட்குது.

டிரைவர், அல்லது விண்டோஸுக்கு முன்பே ஓடத் தொடங்கும் மதர்போர்டு புரோகிராமான பயாஸ். எல்லாருடைய தலையையும் பிய்க்கவைத்த ஒரு கேஸ் சொல்கிறேன். ஏஎம்டி ரைசன் மெஷின்கள் சிலவற்றில் நாளைக்கு ஒன்றிரண்டு தடவை இப்படித் திக்கும். ரேம், கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் என்று மாற்றாதது இல்லை. கடைசியில் 2022 மார்ச்சில் ஏஎம்டியே காரணத்தைச் சொன்னது: சிபியுவுக்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி, மதர்போர்டில் இருக்கும் பயாஸ் சிப்போடு பேசும்போது மொத்த மெஷினும் அதற்காகக் காத்திருந்தது. அதே வருஷம் மே மாதத்திலிருந்து வந்த பயாஸ் அப்டேட்களில் சரியானது. அப்படிப் பழைய பயாஸில் ஓடும் ரைசன் மெஷின் இன்றும் வருகிறது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால், பயாஸ் மாற்றும் முன் அதன் ரெக்கவரி கீயை எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் திறக்காமல் போகலாம்.

மற்ற மெஷின்களில் லேட்டன்சிமான் என்ற இலவசப் புரோகிராம் எந்த டிரைவர் இழுத்துப் பிடிக்கிறது என்று காட்டும். பெரும்பாலும் வைஃபை டிரைவர் அல்லது கிராபிக்ஸ் டிரைவர்தான் மாட்டும்.

மை கம்ப்யூட்டரைத் திறந்தா பச்சைக் கோடு ஊர்ந்துகிட்டே இருக்கு.

பழைய நெட்வொர்க் டிரைவ் ஏதாவது இணைப்பில் இருக்கிறதா பாருங்கள். அணைந்து கிடக்கும் இன்னொரு மெஷினைத் தேடிக்கொண்டிருக்கும். துண்டித்துவிட்டால் முடிந்தது.

ஸ்பீடு பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் போடலாமா?

வேண்டாம்.

ஃபார்மட் அடிச்சா சரியாயிடுமா?

குப்பைப் புரோகிராம், வைரஸ் என்றால் சரியாகும். மேலே இருக்கிற கேஸ்களை எண்ணிப் பாருங்கள்: டிஸ்க், சூடு, சார்ஜர், பயாஸ். இவற்றில் எதையாவது ஃபார்மட் தொடுமா? கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை ஃபார்மட் செய்து டேட்டாவையும் தொலைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். காரணம் தெரியாமல் ஃபார்மட் செய்யச் சொல்கிற மெக்கானிக்கிடம் "எதனாலன்னு தெரிஞ்சுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய மெஷினுக்குச் செலவு பண்ணலாமா, புதுசே வாங்கிடலாமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்தது வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும். விண்டோஸ் 11 ஏறும் மெஷின் என்றால் எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், பேஸ்ட் மாற்றி ஓட்டலாம் என்பது என் கட்சி. ஏறாத மெஷினுக்குப் பெரிய செலவு செய்யாதீர்கள்.

சர்வீஸுக்குக் கொண்டு வரும்போது என்னென்ன எடுத்துட்டு வரணும்?

நீங்கள் பயன்படுத்தும் அதே சார்ஜர். வீட்டில் எப்போதும் செருகியிருக்கும் பென்டிரைவ், டாங்கிள், மவுஸ் இருந்தால் அவையும். மூன்று நாள் எழுதிய சீட்டு, செல்போனில் எடுத்த டாஸ்க் மேனேஜர் போட்டோ. முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு காப்பி எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று மட்டும் வராதீர்கள். அது ஸ்லோ ஆகும்வரை நானும் காத்திருக்க வேண்டுமே.